வயதானவருக்கு ‘லேசான’ ஹீமோஃபிலியா, அப்புறம் இன்ஹிபிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா பாப்பாரப்பட்டி பக்கம் ராகியும் கொஞ்சம் தக்காளியும் போடும் விவசாயி. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அவர் உடம்பில் 12 சதவீதம்தான் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டி கடைவாய்ப் பல் பிடுங்கியபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை, அப்போதுதான் இது தெரிந்தது. “லேசான ஹீமோஃபிலியா ஏ, பயப்பட ஒன்றுமில்லை” என்றார்கள். இருபது வருஷம் உண்மையிலேயே பயப்பட ஒன்றும் இல்லை. 63 வயதில் ஹெர்னியா ஆபரேஷன். எட்டு நாள் ஃபேக்டர் ஏற்றினார்கள், தையல் பிரித்தார்கள், நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். ஐந்தாவது வாரம் பி.பி. பார்க்கப் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபோது, கையில் அந்தப் பட்டையைச் சுற்றிய அகலத்துக்கு அப்படியே கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அதற்குப் பெயர் இன்ஹிபிட்டர் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மேலும் 19 நாள் ஆனது.

அந்த 19 நாள் வேறு யாருக்கும் ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அப்பாவோடு அலைந்த வருஷங்களில் கற்றுக்கொண்டதும், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்கள் என்னிடம் கேட்டதும் இங்கே இருக்கின்றன. மருந்து, அளவு எல்லாம் ரத்தநோய் மருத்துவர் சொல்வதுதான்.

இன்ஹிபிட்டர் என்றால் என்ன?

வெளியிலிருந்து ஏற்றும் ஃபேக்டரை “இது நம்முடையது இல்லை” என்று உடம்பு நினைத்து, அதை வேலை செய்ய விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிதான் இன்ஹிபிட்டர். கிருமி வந்தால் எதிர்க்கும் அதே படைதான் இங்கே மருந்தை எதிர்க்கிறது. அது வந்துவிட்டால் எத்தனை பாட்டில் ஃபேக்டர் ஏற்றினாலும் ரத்தம் நிற்காது, அல்லது வழக்கத்தைவிட அதிகம் ஏற்ற வேண்டி வரும். தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஃபேக்டர் கெட்டுப்போனதால் வருவதும் இல்லை.

லேசான ஹீமோஃபிலியா உள்ளவருக்கும் இது வருமா? கடுமையாக இருப்பவருக்குத்தான் வரும் என்றார்களே?

கடுமையானவர்களுக்கு அதிகம் வரும் என்பது சரி. ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு வருகிறது. அதுவும் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், ஃபேக்டர் ஏற்றும் முதல் 20 நாட்களுக்குள். அதனால் அந்தக் குழந்தைகளை டாக்டர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

லேசானது என்றால் ஃபேக்டர் 5 முதல் 40 சதவீதம் வரை. இவர்கள் உடம்பில் ஃபேக்டர் 8 இருக்கிறது, ஆனால் பல பேருக்கு அதில் ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கும். 2,332 மணி கோத்த மாலையில் ஒரு மணி மட்டும் வேறு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு பிறந்ததிலிருந்து அந்த மாலையைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. ஆபரேஷன் சமயத்தில் சரியான மாலையை நாள் தவறாமல் ஏற்றும்போது அந்த ஒரு மணியைப் புதுசாகக் கண்டு சண்டைக்கு நிற்கிறது. எல்லோருக்கும் நிற்பதில்லை. மாறிய மணி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், சொந்தத்தில் யாருக்காவது இன்ஹிபிட்டர் வந்ததா என்றும் கேட்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சிலருக்கு அந்த ஆன்டிபாடி ஏற்றிய ஃபேக்டரை மட்டும் பிடிக்கும், சொந்த அளவு அப்படியே இருக்கும். வேறு சிலருக்கு சொந்த ஃபேக்டரையும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்பாவுக்கு நடந்தது இரண்டாவது. 12 இருந்தது ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. அறுபது வருஷம் லேசான நோயாளியாக இருந்தவர் ஒரே மாதத்தில் கடுமையான நோயாளி ஆனார்.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கு உண்டா?

உண்டு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 14 மையங்கள் சேர்ந்து செய்த இன்சைட் ஆய்வு 2013ல் வெளியானது. கடுமையல்லாத ஹீமோஃபிலியா ஏ உள்ள 1,112 பேரைப் பார்த்தார்கள். 59 பேருக்கு இன்ஹிபிட்டர் வந்திருந்தது, அதாவது 5.3 சதவீதம். ஆனால் அதற்குள் இருக்கும் இன்னொரு எண்ணைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஃபேக்டர் ஏற்றிய நாட்கள் 50ஐத் தொடும்போது அபாயம் 6.7 சதவீதம், 100ஐத் தொடும்போது 13.3 சதவீதம். கடுமையான ஹீமோஃபிலியாவில் ஆரம்பக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் ஓரளவு நிம்மதி. லேசானதில் அப்படித் தாண்டிப் போகும் கண்டமே இல்லை, நாள் கூடக்கூட அபாயமும் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே “இத்தனை வருஷம் ஃபேக்டர் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே” என்பது இவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இந்தக் கணக்கு ஹீமோஃபிலியா ஏ வகைக்கு. ஃபேக்டர் 9 குறையும் பி வகையில், அதுவும் லேசாக இருந்தால், இன்ஹிபிட்டர் மிக அரிது.

ஏன் வயதான பிறகு?

வயதான பிறகுதானே ஆபரேஷன் வருகிறது! ஹெர்னியா, புராஸ்டேட், முழங்கால் மாற்று, பைபாஸ். சின்ன வயதில் ஒரு பல், ஒரு வெட்டுக்காயம் என்று ஓரிரு நாள் ஃபேக்டரோடு போனவர்களுக்கு, அறுபதுக்கு மேல் ஒரே மூச்சில் ஏழு நாள், பத்து நாள், அதுவும் அதிக அளவில் ஏற்ற வேண்டி வருகிறது. ஆபரேஷன் காயத்தால் உடம்பின் எதிர்ப்புப் படை ஏற்கெனவே விழித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. இரண்டும் சேரும்போது வாய்ப்பு கூடுகிறது.

வந்திருக்கிறது என்று வீட்டில் எப்படிச் சந்தேகப்படுவது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காலம் வீணாவது இங்கேதான்.

முதல் அறிகுறி, வழக்கமான அளவு ஃபேக்டர் ஏற்றியும் ரத்தம் நிற்காமல் இருப்பது. ஆனால் லேசானவர்கள் அடிக்கடி ஃபேக்டர் போடுவதில்லை, அதனால் இது கண்ணில் படாமலே போகலாம். எங்களுக்குப் பட்டது தோல்தான். அப்பாவுக்கு அதற்கு முன் எந்த வயதிலும் காரணம் இல்லாமல் உடம்பு கன்றியதில்லை. இப்போது டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற இடத்தில் ஊதா, கயிற்றுக் கட்டிலின் சட்டம் பட்ட இடத்தில் ஊதா. ஓரத்தில் மஞ்சளாகி ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. லேசான ஹீமோஃபிலியாவில் வரும் இன்ஹிபிட்டரில் இப்படித் தோலுக்கடியிலும் தசையிலும், குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் ரத்தம் கசிவது அதிகம். மூட்டு மட்டும்தான் வீங்கும் என்று காத்திருக்காதீர்கள்.

சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, பல் துலக்கினால் ஈறில் ரத்தம், படியேறினால் மூச்சு வாங்குவது, முகம் வெளிறுவது எல்லாமே கணக்கில் சேரும். தொடை இடுக்கில் வலி வந்து காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருந்தால், தொடையின் முன்பக்கம் மரத்தாற்போல இருந்தால், அடிவயிற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய தசையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை “சுளுக்கு” என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து நீவாதீர்கள். அப்பாவுக்கும் ஒரு பெரியவர் அன்போடுதான் நீவிவிட்டார். மறுநாள் காலை தொடை இரண்டு மடங்கு.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால், 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை இது. முட்டி வலி, இடுப்பு இறுக்கம் என்றாலே “அது தண்ணி பண்ண வேலை” என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஃப்ளோரைடு வலி வருஷக்கணக்கில் மெல்ல வருவது. ரத்தக்கசிவு வலி ஓரிரு நாளில் ஏறும், அந்த இடம் சூடாக, வீங்கி, தொட விடாது. ஹீமோஃபிலியா உள்ளவர் வீட்டில் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முன் பி.டி., சி.டி. பார்த்தார்கள், நார்மல் என்றார்கள். அது போதாதா?

போதாது. ரத்தம் எவ்வளவு நேரம் வடிகிறது, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் அந்த இரண்டு பழைய பரிசோதனைகளிலும் லேசான ஹீமோஃபிலியாகூட மாட்டாமல் போய்விடும். ஏ.பி.டி.டி. என்ற பரிசோதனை கொஞ்சம் மேல், ஆனால் லேசானவர்களில் சிலருக்கு அதுவும் நார்மலாக வரும். ஃபேக்டர் 8 அளவு எத்தனை சதவீதம் என்று எண்ணாகப் பார்க்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள், புதிதாக எடுங்கள். அதோடு இன்ஹிபிட்டர் பரிசோதனையும்.

இன்ஹிபிட்டருக்கு என்ன டெஸ்ட்? எங்கே செய்கிறார்கள்?

முதலில் கலவைப் பரிசோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும் ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து உறையும் நேரத்தைப் பார்ப்பார்கள். வெறும் ஃபேக்டர் குறைவு என்றால், கலந்தவுடன் குறை தீர்ந்து நேரம் சரியாகிவிடும். இன்ஹிபிட்டர் இருந்தால் அது ஆரோக்கியமானவரின் ஃபேக்டரையும் தின்றுவிடும், நேரம் நீண்டே நிற்கும். அந்த இரண்டு மணி நேரம் முக்கியம். ஃபேக்டர் 8 இன்ஹிபிட்டர் உடனே வேலை காட்டாது, மெல்லத்தான் தின்னும். கலந்த உடனே பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தால் ஏமாந்துபோவோம். எங்கள் 19 நாளில் ஆறு நாள் இப்படி ஒரு தாளை நம்பியதால் போனது.

அப்புறம், இன்ஹிபிட்டர் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும் பெதஸ்தா பரிசோதனை. 1975ல் வந்தது, பின்னர் 1995ல் நைமேகன் என்ற திருத்தத்தோடு இன்னும் நுட்பமானது. நைமேகன் முறைப்படி செய்வீர்களா என்று கேட்பதில் தப்பில்லை.

எங்கே என்றால், பெரும்பாலும் நம்மூரில் ஆகாது. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் போகிறோம், சி.எம்.சி.யின் ரத்தநோய்ப் பிரிவு இதில் பெயர் பெற்றது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு பெங்களூரு கிட்டம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ரத்தத்தை இங்கே எடுத்துக் குழாயை மட்டும் அனுப்பலாமா என்று கேட்பார்கள். நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை நாலு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்து அதே குளிரில் கொண்டுபோக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் குழாயை பஸ்ஸில் அனுப்பினால் ஃபேக்டர் வழியிலேயே குறைந்துவிடும், தவறான எண் வரும். முடிந்தவரை ஆளே போவதுதான் நல்லது.

எப்போது எடுக்க வேண்டும்?

எந்த ஆபரேஷனுக்கும் முன்னால். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் ஃபேக்டர் ஏற்றியிருந்தால், கடைசி ஊசியிலிருந்து நாலு வாரத்துக்குள். வழக்கமான ஃபேக்டர் பலிக்கவில்லை என்றால் அன்றைக்கே. உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டியிலும் இதுதான் இருக்கிறது. அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, பி.பி. மாத்திரை இருந்தது. இந்த ஒரு வரி மட்டும் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கத்தரிக்காய் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே டாக்டரிடம் கேட்டு அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் “7 பெதஸ்தா யூனிட்” என்று இருக்கிறது. அதிகமா?

0.6க்கு மேல் வந்தாலே இருக்கிறது என்று அர்த்தம். 5க்குக் கீழே குறைவு, 5ம் அதற்கு மேலும் அதிகம். இரண்டு மணி நேரத்தில் ஃபேக்டர் 8ல் பாதியை அழிக்கும் பலம்தான் ஒரு யூனிட். குறைந்த அளவில் இருந்தால் ஃபேக்டரையே கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்க முடியலாம். 5க்கு மேல் போனால் ஃபேக்டர் 8 பெரும்பாலும் பலிக்காது, வேறு வழிதான். அப்பாவுக்கும் 7தான் வந்தது.

அப்படியானால் ரத்தத்தை எப்படி நிறுத்துவார்கள்?

ஃபேக்டர் 8ஐச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் போய் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பாலம் உடைந்தால் மாற்றுப் பாதையில் போகிறோமே, அப்படி. ஒன்று செயலூட்டப்பட்ட ஃபேக்டர் 7, நோவோசெவன் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பில் போட வேண்டும், அதனால் ராத்திரி முழுக்க நர்ஸும் தூங்க முடியாது, நாமும் தூங்க முடியாது. இன்னொன்று ஃபைபா. இரண்டும் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து என்பதால், இதய அடைப்பு, பக்கவாதம் வந்திருக்கும் வயதானவருக்குக் கொடுக்கும்போது வேண்டாத இடத்திலும் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்டென்ட், பழைய ஸ்ட்ரோக் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எமிசிசுமாப் என்ற மருந்து வந்த பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. ஹெம்லிப்ரா என்பார்கள். ஃபேக்டர் 8 செய்யும் வேலையை, அதாவது ஃபேக்டர் 9ஐயும் 10ஐயும் கைகோத்து விடுவதை, இது செய்கிறது. ஃபேக்டர் 8 மாதிரி உருவம் இல்லாததால் இன்ஹிபிட்டருக்கு இது கண்ணில் படாது. தோலுக்கடியில் போடும் ஊசி, முதல் நாலு வாரம் வாரம் ஒன்று, அப்புறம் வாரம், இரு வாரம், அல்லது நாலு வாரத்துக்கு ஒரு முறை. நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை என்பதே வயதான கைகளுக்குப் பெரிய ஆறுதல். இது ரத்தக்கசிவு வராமல் தடுக்க மட்டும்தான், கசிந்துகொண்டிருக்கும் ரத்தத்தை உடனே நிறுத்த இது போதாது.

இதைப் போடுகிறவர்கள் இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. இதோடு ஃபைபாவை அதிக அளவில் சேர்த்தால் சின்ன ரத்தக்குழாய்களில் அடைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம், இந்த ஊசி போட்டவருக்கு ஏ.பி.டி.டி. பொய்யாக நார்மல் காட்டும், சாதாரண பெதஸ்தா பரிசோதனையும் சரியாக வராது. நிறுத்தி ஆறு மாதம் வரைகூட உடம்பில் இருக்கும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இன்ஹிபிட்டர் தானாகப் போய்விடுமா?

நல்ல செய்தி இங்கே இருக்கிறது. லேசான ஹீமோஃபிலியாவில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஃபேக்டர் 8ஐ மறுபடி ஏற்றாமல் இருந்தால், மாதக்கணக்கிலோ ஓரிரு வருஷத்திலோ தானாகக் குறைந்து மறைகிறது. ரத்தக்கசிவு ஓயாதவர்களுக்கு ஸ்டீராய்டு, ரிடுக்சிமாப் போன்ற எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் கொடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டில் அளவு எகிறும், தொற்றும் எளிதில் பிடிக்கும், அதனால் டாக்டர்கள் யோசித்துத்தான் எழுதுவார்கள். அப்பாவுக்கு மருந்து இல்லாமலே 11 மாதத்தில் மறைந்தது. அவருடைய 12ம் திரும்பி வந்தது. அந்த ரிப்போர்ட்டை அவர் நாலாக மடித்து, பட்டா வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

ஆனால் மறைந்தது என்றால் உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மறுபடி ஃபேக்டர் 8 ஏற்றினால் ஒரு வாரத்துக்குள் மீண்டும் கிளம்பலாம். வாழ்நாள் முழுக்க இவர் “இன்ஹிபிட்டர் வந்தவர்”தான். அடுத்த ஆபரேஷனை அப்படி நினைத்தே திட்டமிட வேண்டும்.

வராமலே தடுக்க முடியுமா?

முழுக்க முடியாது, ஆனால் ஃபேக்டர் ஏற்றும் நாட்களைக் குறைக்கலாம். லேசான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்கு டெஸ்மோபிரெஸின் என்ற ஊசி உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் சேமிப்பாக இருக்கும் நம் சொந்த ஃபேக்டர் 8ஐ வெளியே விடச் செய்து, அளவை இரண்டு முதல் நாலு மடங்கு வரை உயர்த்தும். 12 இருப்பவருக்கு 30, 40 வரை போனால் பல் பிடுங்குவது மாதிரி சின்ன வேலை பலருக்கு முடிந்துவிடும். வெளி ஃபேக்டரே உள்ளே போகவில்லை என்பதுதான் இதன் அருமை. எல்லோருக்கும் பலிக்காது, அதனால் தேவைப்படுவதற்கு முன்பே ஒரு நாள் போட்டுப் பார்த்து எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். தொடர்ந்து போட்டால் சேமிப்பு தீர்ந்து பலன் குறையும்.

வயதானவர்களுக்கு இதில் எச்சரிக்கை வேண்டும். இது உடம்பில் தண்ணீரைத் தேக்கும், சோடியம் இறங்கி மயக்கம், வலிப்புகூட வரலாம். போட்ட நாளில் தண்ணீர், மோர், கஞ்சி எல்லாவற்றையும் அளந்துதான் குடிக்க வேண்டும். “வெயிலுக்கு நல்லா குடிங்க” என்று சொம்பு சொம்பாகக் கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கடினம். இதய நோய் இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்ப்பார்கள்.

டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்து வைக்கும். பல், மூக்கு, வாய்க்கு மிக நல்லது, விலையும் குறைவு. சிறுநீரில் ரத்தம் போகும்போது மட்டும் கேட்காமல் போடக்கூடாது, கட்டி அடைத்துக்கொள்ளும்.

ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார்கள். போடலாமா?

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். இதய மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது இது. ஒருவர் போன் எண்ணை இன்னொருவரிடம் கொடுங்கள், அதுதான் நம்மால் முடிந்த பெரிய உதவி.

முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இடுப்பில் போடும் வலி ஊசி வேண்டவே வேண்டாம். “ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்” என்று நம் பெரியவர்கள் கிளினிக்கில் கேட்டு வாங்குவார்கள், தசைக்குள் ரத்தம் கட்ட அதுவே போதும். டைக்ளோஃபினாக், புரூஃபென் மாத்திரைகளும் ஆகாது. பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பு. தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம், மெல்லிய ஊசியால் போடச் சொல்லி பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.

எங்கள் மாமனாருக்கு ஹீமோஃபிலியாவே கிடையாது. 74 வயதில் திடீரென்று உடம்பெல்லாம் கன்றுகிறது, இன்ஹிபிட்டர் என்கிறார்கள். எப்படி?

ஊத்தங்கரையிலிருந்து ஒரு மருமகள் கேட்டது. அது வேறு நோய், பின்னால் வந்த ஹீமோஃபிலியா என்று சொல்லலாம். உடம்பு தன் சொந்த ஃபேக்டர் 8 மீதே பாய்கிறது. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் வயதானவர்களுக்கு. பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது, மற்றவர்களுக்குப் பின்னால் புற்றுநோயோ, முடக்கு வாதம் மாதிரி தன்னெதிர்ப்பு நோயோ, மருந்தோ இருக்கலாம். பெண்களுக்கும் வரும், பிரசவத்துக்குப் பின்னும் வரும். இதில் தானாகப் போகும் என்று காத்திருக்காமல் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை உடனே தொடங்குவார்கள். தாமதம் வேண்டாம்.

என் பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் வருமா?

இன்ஹிபிட்டர் நேராகப் பரம்பரையில் வராது, ஹீமோஃபிலியா வரும். ஹீமோஃபிலியா உள்ள அப்பாவிடமிருந்து மகன்களுக்கு வராது. மகள்கள் எல்லோருமே அதைச் சுமப்பவர்கள். நான் மகள், அதனால் நானும். என் ஃபேக்டர் அளவு 44, இயல்பு 50க்கு மேல் இருக்க வேண்டும். என் இரண்டு பிரசவத்திலும் ஏன் அவ்வளவு ரத்தம் போனது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. மகள்களின் அளவையும் பார்த்துவிடுங்கள், கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ முன்பே. மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாதி வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், தாத்தாவுக்கு லேசானது என்றால் பேரனுக்கும் லேசானதுதான்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு குடும்பத்தில், ஹீமோஃபிலியா உள்ள தாய்மாமனுக்கே அக்கா மகளைக் கட்டும் பேச்சு. அந்த அக்காவும் அவள் மகளும் சுமப்பவர்களாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, அந்தப் பெண்ணுக்கே ஹீமோஃபிலியா இருக்கலாம். சொந்தத்தில் கட்டுவது அவர்கள் விருப்பம். பெண்ணுக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்துவிட்டுப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

செலவு?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பாதை மாற்றும் மருந்துகளும் எமிசிசுமாபும் வெளியில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இல்லை, ஆகவே அவசரம் வருவதற்கு முன்பே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உங்கள் பெயரையும் ரிப்போர்ட்டையும் பதிந்து, இருப்பு பற்றிக் கேட்டு வையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஹீமோஃபிலியா சங்கங்களிலும் பதிந்துகொள்ளுங்கள், மருந்து எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால்?

தலையில் அடிபட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால், கழுத்து வீங்கினால் 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடி என்றால் ரத்தம் உறையும் மருந்து முதலில், ஸ்கேன் அப்புறம். இதைப் பணி டாக்டரிடம் தயங்காமல், மரியாதையாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் இன்ஹிபிட்டர் நோயாளியை அதுவரை பார்த்திருக்காமல் இருக்கலாம், அது அவர் குற்றம் இல்லை.

அப்பாவின் சட்டைப் பையில் பஸ் டிக்கெட், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி, ரேஷன் கடைச் சீட்டு இவற்றோடு லேமினேட் செய்த ஒரு அட்டை இருக்கிறது. அதில் நான் எழுதியிருப்பது: “லேசான ஹீமோஃபிலியா ஏ. ஃபேக்டர் 8: 12 சதவீதம். முன்பு இன்ஹிபிட்டர் வந்தவர், உச்சம் 7 யூனிட். ஃபேக்டர் 8 ஏற்றும் முன் எங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் பேசவும். தசையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின் வேண்டாம்.” கீழே ரத்த வகை, டாக்டர் எண், என் எண். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ராத்திரி ஆம்புலன்ஸ் வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.